அறுபத்தைந்து வாட்

மதியம் இரண்டு இருபதுக்கு மாடி அறையில் சத்தம் நின்றது.

நான் கீழே சமையலறையில் பாத்திரங்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தேன். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து மகளுடைய கம்ப்யூட்டர் மேலே ஓடிக்கொண்டே இருந்தது. அதன் விசிறிச் சத்தம் வீட்டின் மற்ற சத்தங்களோடு கலந்து, இருப்பதே தெரியாமல் போயிருந்தது. நின்ற பிறகுதான் அவ்வளவு நேரமும் அதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன் என்று தெரிந்தது. தட்டைப் போட்டுவிட்டுப் படிக்கட்டுக்கு ஓடினேன். மேலிருந்து என் வீட்டுக்காரர் இறங்கி வந்துகொண்டிருந்தார். பாதியிலேயே நின்றார்.

"நின்னு பூடுச்சி," என்றார்.

"கரண்ட்டு பூடுச்சா?"

"இல்ல. கரண்ட்டு இருக்குது. அது மட்டும் நின்னு பூடுச்சி."

மகள் அப்போது ஓசூரில் இருந்தாள். ஒரு கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில் நேர்முகத் தேர்வு. இன்னும் கட்டாத வீட்டைக் கம்ப்யூட்டரில் கட்டி, அதற்குள் நாம் நடந்து போவது போலப் படமாக்கிக் காட்டும் வேலை. மாதிரிக்கு ஒரு வீட்டின் வரைபடத்தைக் கொடுத்திருந்தார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்குள் படம் வந்து சேர வேண்டும், அதைப் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வோம் என்று சொல்லியிருந்தார்கள். படிப்பு முடிந்து இரண்டு வருடமாக வீட்டில் இருந்தவள் அவள். எத்தனையோ இடங்களுக்கு எழுதிப் போட்டுப் பதிலே வராமல் இருந்தவளை நேரில் வரச் சொன்ன முதல் இடம் அது. படத்தின் கடைசிப் பகுதி மாடியில் தயாராகிக்கொண்டிருந்தது. அதுதான் நின்றுபோயிருந்தது.

இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கும் மிக்சியோ மின்விசிறியோ திடீரென்று நின்றால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டுத் திரும்புகிறேன். அவளுக்கு என்ன ஆயிற்றோ என்றுதான் முதலில் தோன்றுகிறது. பிறகுதான் ஸ்விட்சைப் பார்க்கிறேன்.

அந்தக் கம்ப்யூட்டர் எங்கள் வீட்டுக்கு ஒரே நாளில் வந்ததல்ல. கல்லூரியில் படிக்கும்போது ஒவ்வொரு பாகமாக வாங்கிச் சேர்த்தாள். கடைசியாக, பாகங்களைப் பொருத்தும் வெறும் பெட்டியை வாங்க என்னையும் சேலத்துக்குக் கூட்டிப்போனாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் நிற்க இடமில்லை. கிடைத்த ஒரு சீட்டில் என்னை நெருக்கிக்கொண்டு உட்கார்ந்து, பெட்டியை மடியில் வைத்துக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். கண்டக்டர் வந்து பெட்டியை விரலால் தட்டினார்.

"இன்னாம்மா, பொட்டிக்கு டிக்கெட் எடுத்தியா?"

"மடியில இருக்கிற கொழந்தைக்கு டிக்கெட் கேக்க மாட்டாங்களே, அண்ணா."

"கொழந்த நல்லா வளந்திருக்குது. என்னா போட்டு வளத்த?"

"கரண்ட்டுதாண்ணா."

பஸ்ஸே சிரித்தது. தொப்பூர் மேட்டில் முன்னால் லாரிகள் வரிசையாக முனகிக்கொண்டு ஏறின. அவற்றின் பின்னால் எங்கள் பஸ்ஸும் ஊர்ந்தது. அடிக்கடி விபத்து நடக்கும் அந்த இடத்தைத் தாண்டும் வரை எனக்கு எப்போதும் பயம். அவளோ வழி முழுவதும் பெட்டியின் ஓட்டைகள் வழியாக உள்ளே பார்த்துக்கொண்டே வந்தாள், உள்ளே ஒன்றுமே இல்லாவிட்டாலும்.

மாரண்டஹள்ளியில் எங்கள் வீட்டு மாடியில் இருப்பது ஒரே அறை. மேலே சிமெண்ட் ஷீட். அதுவரை தோட்டத்துத் தக்காளி நிரப்பும் பிளாஸ்டிக் கிரேடுகளை அடுக்கி வைக்கும் இடமாக இருந்தது. கிரேடுகளை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு, ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் பெட்டியை நிறுத்தினாள். அடியில் காற்று போக வேண்டுமாம். அன்றைக்கு முதன்முதலாக அது ஓடியபோது மூன்று பேரும் நின்று பார்த்தோம். அவர் மட்டும் குனிந்து, பின்பக்கம் வந்த காற்றில் கையை வைத்துப் பார்த்தார்.

வெயில் காலம் வந்ததும் அந்தக் காற்று அனலாக வந்தது. படம் தயாரிக்க உட்கார்ந்தால் ப்ராசஸரின் சூடு தொண்ணூறைத் தாண்டும். விசிறி ரைஸ் மில் போல இரையும். அவள் ஈரத்துணியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒரு நாள் எதையோ படித்துவிட்டு வந்து, இதன் சூட்டைக் குறைக்கப்போகிறேன் என்றாள். புதிதாக எதையும் வாங்க வேண்டாம், இது இழுக்கும் மின்சாரத்துக்கு ஒரு வரம்பு இருக்கிறது, கம்பெனிக்காரர்கள் அதைத் தாராளமாக வைத்து அனுப்புகிறார்கள், நாமே குறைத்து வைத்துக்கொள்ளலாம் என்றாள்.

அவர் அப்போதுதான் தோட்டத்திலிருந்து வந்திருந்தார். கால் கூடக் கழுவவில்லை.

"இப்ப எத்தன ஆம்ப்ஸ் இழுக்குது?" என்றார்.

"ஆம்ப்ஸ் இல்லப்பா, வாட். பாருங்க, நூத்தி இருபத்தஞ்சு."

திரையின் மூலையில் ஒரு சின்னப் பெட்டியில் இரண்டு எண்கள் ஓடின. ஒன்று வாட், மற்றொன்று சூடு. அவர் வாழ்க்கையில் பாதி, மோட்டார் ரூமில் ஆம்ப்ஸ் மீட்டரின் முள்ளைப் பார்த்துக்கொண்டே போனது. அந்த எண்களைப் பார்த்ததும் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அந்தக் கோடை முழுக்க அவர்கள் இரண்டு பேருக்கும் அதுதான் சாயங்கால வேலை. ஒரே படத்தை ஒவ்வொரு முறையும் வரம்பைக் குறைத்து ஓட விடுவார்கள். நூற்றுக்கு இறக்கினார்கள். எண்பதுக்கு இறக்கினார்கள். எவ்வளவு நேரம் கூடுகிறது என்று பார்ப்பதுதான் பந்தயம். தோற்றவர் டீ போட வேண்டும். அவர் எப்போதும் நேரம் இரண்டு மடங்காகும் என்று சொல்லித் தோற்பார். நான் படிக்கட்டில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். அந்த மாதங்களில் எங்கள் வீட்டில் டீ எல்லாம் அவர் கையால்தான். சர்க்கரை அதிகமாகவே இருக்கும்.

அறுபத்தைந்துக்கு இறக்கிய அன்று பத்து நிமிட வேலைக்குப் பன்னிரண்டு நிமிடம் கூட ஆகவில்லை. சூடு எழுபதுக்குக் கீழே நின்றது. விசிறிச் சத்தம் அடங்கி, கீழ்வீதியில் பூ விற்பவரின் குரல் மாடிக்குக் கேட்டது.

"பாதியா கொறச்சுட்ட. வேல மட்டும் அதே மாதிரிதான் ஆவுது," என்றார் அவர். "அப்ப மிச்சம் பாதி கரண்ட்டு இத்தன நாளா எங்க போச்சு?"

"சூடா போச்சுப்பா. நீங்க வண்டிய அம்பதுல ஓட்டுனா எவ்ளோ பெட்ரோல் குடிக்குது, எண்பதுல ஓட்டுனா எவ்ளோ குடிக்குது? கடைசி கொஞ்சம் வேகத்துக்குத்தான் அவ்ளோ செலவு."

"அது வண்டி."

"இதுவும் அப்பிடித்தாம்ப்பா."

"கரண்ட்டு வேற பாப்பா. மோட்டாருக்குக் கொறச்சலா குடுத்துப் பாரு. காயில் கருகிப் பூடும்."

"இது மோட்டாரில்லப்பா."

"சரி, டீ போடறன்," என்று எழுந்து போனார்.

அவர் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை என்று எனக்குத் தெரியும். எங்கள் பக்கத்தில் கிணற்று மோட்டார் வைத்திருக்கும் எவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். மதியத்தில் வோல்டேஜ் இறங்கும்போது மோட்டார் ஓடினால், குறைந்ததை ஈடுகட்ட அது ஆம்ப்ஸை அதிகமாக இழுக்கும். இழுத்து இழுத்துச் சூடேறி, உள்ளே சுற்றியிருக்கும் கம்பிச் சுருளான காயில் கருகும். அந்த வார்னிஷ் வாசனை ஒரு முறை மூக்கில் ஏறினால் மறக்காது. அவர் அப்படிக் கருகிய மோட்டாரைத் தோளில் வைத்துக்கொண்டு பாலக்கோட்டுக்குக் காயில் கட்டும் பாயிடம் போன வருடங்கள் உண்டு. தண்ணீர் இல்லாமல் செடிகள் துவண்டு நிற்கும். பாய் மோட்டாரைத் திறந்து பார்த்துவிட்டு, "வோல்டேஜு கம்மிங்க, அதான்," என்பார். ஒவ்வொரு முறையும் அதே வார்த்தை. இருபத்தைந்து வருடம் காதில் விழுந்த வார்த்தையை ஒரு கோடையில் மறந்துவிட முடியுமா?

ஓசூருக்குப் போன அன்று காலையில் மகள் பஸ் ஏறும் முன் வரம்பு அறுபத்தைந்தில் இருப்பதை மாடியில் ஒரு முறை பார்த்துவிட்டு வந்தாள். இரண்டு நாள் முன்பு பராமரிப்புக்காகப் பகல் முழுவதும் மின்சாரத்தை நிறுத்தியதால் வேலை பிந்தியிருந்தது. மதியம் மூன்று, மூன்றரைக்குள் முடிந்துவிடும் என்றாள். முடிந்ததும் தன் போனிலிருந்தே வீட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்து, படத்தை அலுவலகத்துக்கு அனுப்பிவிடுவாளாம்.

"நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். யாரும் தொட வேணாம். அது பாட்டுக்கு ஓடட்டும்."

"தொடலம்மா, நீ போ," என்றார் அவர்.

மதியம் வோல்டேஜ் இறங்கியது. சமையலறை விசிறியின் இறக்கைகளை எண்ண முடிந்தது. அவர் தோட்டத்து மோட்டாரை நிறுத்திவிட்டு வந்து, சாப்பிட்ட கையோடு மாடிக்குப் போனார். பார்த்துக்கொண்டிருக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன்.

நின்றுபோனதற்குப் பிறகு இரண்டு பேரும் மாடிக்குப் போனோம். பெட்டியின் பக்கவாட்டில் கை வைக்க முடியவில்லை. சில நிமிடத்தில் என் போன் அடித்தது. மகள்.

"அம்மா, என்னாச்சு? வூட்டு கம்ப்யூட்டரு எனக்கு போன்ல தெரிய மாட்டேங்குது."

"நின்னு போயிருக்குது பாப்பா. ரொம்பச் சூடா இருக்குது."

அந்தப் பக்கம் ஒரு மூச்சு. பிறகு அவள் குரல் மாறியது. பள்ளிக்கூடத்தில் நான் பிள்ளைகளிடம் பேசிய குரல் அது. பத்து வருடம் தனியார் பள்ளியில் வரலாறு நடத்தினேன், அந்தக் குரல் எனக்குத் தெரியும்.

"பயப்படாத. முடிஞ்ச படம் ஒண்ணும் அழிஞ்சிருக்காது. ஒவ்வொண்ணா தனித்தனியா சேந்துகிட்டுதான் இருக்குது. மிச்சத்த மட்டும் ஓட்டுனா போதும். ஜன்னல் ரெண்டையும் தொற. ஃபேன பொட்டிக்கு நேரா வை. கொஞ்சம் ஆறட்டும். அப்புறம் போடு."

செய்தேன். கம்ப்யூட்டர் மறுபடியும் உயிர் பெற்றது. அவர் என் பின்னால் நின்றார்.

"மூலையில அந்தச் சின்னப் பொட்டி வந்துச்சா? அதுல வரம்புன்னு இருக்கிற எடத்துல என்ன நம்பர் இருக்குது?"

படித்தேன். "நூத்தி இருபத்தஞ்சு."

நான் திரும்பி அவரைப் பார்த்தேன். அவர் கிரேடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி," என்றாள் மகள். "அதை அறுபத்தஞ்சு ஆக்கு." பிறகு எந்தக் கோப்பைத் திறக்க வேண்டும், எந்த எண்ணிலிருந்து தொடங்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். நான் எழுத்துக் கூட்டிப் படிப்பதுபோல ஒவ்வொரு சொல்லையும் திருப்பிச் சொல்லிவிட்டு அழுத்தினேன். விசிறி இரைய ஆரம்பித்தது.

"குடு, நான் பேசறன்," என்று அவர் கையை நீட்டினார். போன் அவர் கைக்குப் போவதற்குள், "அம்மா, என்ன உள்ள கூப்புட்றாங்க," என்ற குரல் கேட்டது. அவ்வளவுதான். அவர் அணைந்த போனைக் காதில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

"ஏங்க," என்றேன்.

"வோல்டேஜ் இறங்கிப் பூடுச்சி," என்றார். "வெளிய இருந்தே கம்மியா வருது. நாமளும் உள்ள கம்மியா குடுத்தா எப்பிடித் தாங்கும்னு... பாவமா இருந்துச்சி. கொஞ்சம் சீக்கிரமா முடிஞ்சா அவளுக்கும் நல்லதுதானேன்னு..."

திட்டியிருப்பேன். வாய் வரை வந்தது. ஆனால் அவர் முகம், கருகிய மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வரும் நாட்களில் இருந்த முகம்.

அறுபத்தைந்திலும் சூடு இறங்கவில்லை. மேலே ஷீட் காய்ந்து அறை முழுவதும் அடுப்பாக இருந்தது. எண் எண்பத்தைந்துக்குப் போனது, எண்பத்தெட்டுக்குப் போனது. மறுபடியும் நின்றால் ஐந்து மணிக்குள் முடிக்க வழியே இல்லை. நான் அவரைப் பார்த்தேன். அவர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மண் அப்பிய தடித்த விரலால், ஒவ்வொரு விசையாகத் தேடி, ஐந்தை இரண்டு முறை அழுத்தினார். ஐம்பத்தைந்து.

"ஏங்க, நேரம் பத்துமா?"

"பத்தணும்," என்றார். "அவ சொன்னதுதான். கடைசி கொஞ்சம் வேகத்துக்குத்தான் செலவு."

பிறகு கீழே இறங்கிப் போனார். கோணிச் சாக்குகளை நனைத்து ஏணி வழியாக ஷீட்டின் மேல் ஏற்றினார். தண்ணீர்க் குழாயை மேலே இழுத்துக்கொண்டு போய்ப் பீய்ச்சினார். காய்ந்த ஷீட்டில் தண்ணீர் விழுந்த சத்தம் உள்ளே பொரியலுக்குத் தாளித்தது போலக் கேட்டது. பக்கத்து வீட்டம்மா வாசலுக்கு வந்து, "இன்னாங்க, கூரையக் குளிப்பாட்டறீங்களா?" என்றாள். "ஆமாக்கா, ரொம்ப நாளாச்சு," என்றார் மேலேயிருந்து, சிரிக்காமல்.

உள்ளே நான் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். எண்பது. எழுபத்தாறு. ஷீட்டின் ஓரத்திலிருந்து சொட்டிய நீர் ஜன்னல் வழியாகத் தெறித்தது. படங்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஒரு கூடம், ஜன்னல் வெளிச்சம், ஒரு படிக்கட்டு. யாருமே வசிக்காத வீடு. ஒவ்வொரு படத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நடந்துகொண்டிருந்தோம். படிக்கட்டின் மேலே ஒரு அறை வந்தது. அதன் மூலையில் ஒரு தக்காளிக் கிரேட் கவிழ்ந்து கிடந்தது. வரைபடத்தில் அது இருந்திருக்காது. அவளாக வைத்தது. நான் அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். நனைந்த சட்டையோடு ஜன்னலுக்கு வெளியே ஏணியில் நின்று பார்த்தார். மறுபடியும் மேலே ஏறினார்.

ஐந்து மணிக்குச் சற்று முன்பு, முடிந்தது என்று திரையில் வந்தது. எனக்கு எதைத் தொடவும் பயம். அவரும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் திரையில் இருந்த அம்புக்குறி தானாக நகர்ந்தது. மவுஸ் மேசையில் அப்படியே கிடந்தது. அம்பு மேலே போனது, ஒரு கோப்பைத் திறந்தது, மூடியது.

"வந்துட்டா," என்றார் அவர், மெதுவாக.

படம் போய்ச் சேர்ந்தது. அதன் பிறகு அம்பு அசையவில்லை. போனும் வரவில்லை. கூப்பிட்டால் எடுக்கவில்லை.

இப்போது அந்த அறையில் என் பழைய பருத்திப் புடவை ஒன்று பெட்டியின் மேல் போர்த்தியிருக்கிறது. தூசு படாமல் இருக்க. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் புடவையை விலக்கி, கம்ப்யூட்டரைப் போட்டு, கொஞ்ச நேரம் ஓட விடுகிறார். செய்ய ஒரு வேலையும் இல்லை. முக்காலியில் உட்கார்ந்து மூலையில் ஓடும் இரண்டு எண்களைப் பார்க்கிறார். நான் டீ போட்டு எடுத்துப்போகிறேன். இப்போது டீ போடுவது நான்தான், பந்தயம் கட்ட ஆளில்லை. வெயில் காலத்துச் சாயங்காலங்களில் மாடியிலிருந்து "தோத்துட்டீங்கப்பா" என்ற குரல் கேட்குமென்று இன்னமும் படிக்கட்டின் அருகில் என் கால் தயங்குகிறது.

படம் போய்ச் சேர்ந்த அன்று அவர் இருட்டுவதற்கு முன்பே வண்டியை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போய்விட்டார். ராயக்கோட்டை வழியாக வரும் பஸ் ஒவ்வொன்றுக்கும் எழுந்து நின்றாராம். நான் வாசலில் நின்றேன். வண்டிச் சத்தம் கேட்டதும் அவள் முகத்தைத்தான் பார்த்தேன். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. களைப்புதான் இருந்தது. சார்ஜ் தீர்ந்து அணைந்த போன் கையில் இருந்தது. செருப்பைக் கூடக் கழற்றாமல் நேராக மாடிக்குப் போனாள். நாங்கள் இரண்டு பேரும் பின்னால் போனோம்.

பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தாள். மேலே ஈரச் சாக்குகள் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தன. திரையைப் போட்டு, மூலையில் இருந்த எண்ணைப் பார்த்தாள்.

"அம்பத்தஞ்சா? யாரு வெச்சது?"

"நாந்தான்," என்றார் அவர். "மதியம் ஏத்தி வெச்சதும் நாந்தான் பாப்பா."

"தெரியும்ப்பா. நம்பரக் கேட்டதுமே தெரிஞ்சுது."

அவர் தலையை நிமிர்த்தவில்லை. அவள் முக்காலியில் உட்கார்ந்து, செருப்பை ஒவ்வொன்றாகக் கழற்றினாள்.

"திங்கக்கெழமையில இருந்து வரச் சொல்லிட்டாங்க," என்றாள். "அங்கயே கம்ப்யூட்டர் குடுக்கறாங்க. இது இங்கயே இருக்கட்டும், நீங்க பாத்துக்கங்க. ஆனா அறுபத்தஞ்சுக்கு மேல போனீங்கன்னா, ஓசூர்ல இருந்து எனக்குத் தெரியும். இப்ப போயி டீ போடுங்கப்பா, நீங்கதான் தோத்தது."